சார் இருந்தால் போதும்

"சார், டெமோ முடியற வரைக்கும் நீங்க இந்த ரூமை விட்டு நகரவே கூடாது" என்றாள் மாணவி, மூன்றாவது முறையாக.

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்தது. தான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஆய்வுக்குழுத் தலைவர் வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் ஆய்வுக்கூடம் இருக்கும். ரோபோ, திருகாணிகளை மளமளவென்று பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது.

"நாங்க ஒண்ணுமே சொல்லித் தரல சார். பசங்க வேலை செய்யறதை மூணு மாசமா கேமராவுல பார்த்து, அதுவே கத்துக்கிச்சு" என்று பெருமையடித்தார் பேராசிரியர்.

அப்போது கல்லூரி முதல்வரிடமிருந்து போன் வந்தது. பேராசிரியர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

ரோபோ திருகாணியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் தலை கதவருகே தெரிந்ததும் மறுபடி மளமளவென்று அடுக்கத் தொடங்கியது.

"இன்னொரு தடவை வெளியே போயிட்டு வாங்க" என்றார் தலைவர்.

பேராசிரியர் போனார், ரோபோ நின்றது. வந்தார், ஓடியது.

"என்னம்மா கோளாறு இது?" பேராசிரியர் மாணவியை முறைத்தார்.

"கோளாறு இல்ல சார்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "நீங்க இல்லாதப்ப நாங்க என்ன செய்வோமோ, அதையும் சேர்த்துக் கத்துக்கிச்சு."