பாண்டிச்சேரி வரைக்கும்

சைக்கிளின் முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான் பிரிட்டோ. வயிறு பானையாக உப்பியிருந்ததால் அவனால் குனிய முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சோதித்தான்.

“கல்லு மாரி கீதுண்ணா. கொஞ்சம் எறக்கிடு. டயரு கொஞ்சம் அமுங்கினாத்தான் ரோட்டோட குலுக்கல் கைக்கு வராது.”

அண்ணன் வில்பிரட் வால்வை அழுத்திக் காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டான். கூரியர் வேலையில் குரோம்பேட்டை முழுக்கச் சைக்கிளில் சுற்றியவன் பிரிட்டோ. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

“என்னவோ ரேசுக்குப் போற மாதிரி,” என்றாள் வில்பிரட்டின் மனைவி ரேஷ்மா, வாசற்படியில் நின்றபடி. “இந்த டிரவுசர்ல உங்களைப் பாத்தா கேம்ப் ரோடே சிரிக்கப் போகுது.”

ரேஸ் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். குடித்துக் குடித்து பிரிட்டோவின் கல்லீரல் கெட்டுவிட்டது. கண்ணின் மஞ்சளே அதைச் சொன்னது. மாற்றுக் கல்லீரல் வைக்காவிட்டால் அவன் இந்தக் கிறிஸ்துமஸைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தத்தில் ரத்த வகை பொருந்தியது வில்பிரட் ஒருவனுக்குத்தான்.

கல்லீரல் விசித்திரமான உறுப்பு. பாதியை வெட்டிக் கொடுத்தாலும், மிச்சம் சில மாதங்களில் வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் கொழுப்பு படிந்த கல்லீரலை வெட்டினால் கொடுத்தவனுக்கும் ஆபத்து, வாங்கியவனுக்கும் ஆபத்து. வில்பிரட்டின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது.

அதனால் டாக்டர் இருவருக்கும் ஆளுக்கொரு நிபந்தனை போட்டார். அண்ணன் கொழுப்பைக் கரைக்க வேண்டும். தம்பி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது; ஆபரேஷனுக்கு முன்னாலும் சரி, பிறகு ஆயுசு முழுக்கவும் சரி. குடித்தால் கொடுத்ததும் வீண், வெட்டியதும் வீண்.

தம்பி அன்றிலிருந்து கேட்டைத் தாண்டவில்லை. அண்ணன்தான் இரண்டு ஸ்கேனில் தோற்றுப்போனான்.

சைக்கிளைப் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வேகமாக மிதித்தால் உடம்பு கைவசம் இருக்கும் சர்க்கரையை எரித்துவிட்டு, மூச்சு வாங்கி நின்றுவிடும். லேசான கியரில், பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில், மணிக்கணக்காக மிதித்தால்தான் சேமித்து வைத்த கொழுப்பில் கைவைக்கும். மேடவாக்கம், கோவளம், மாமல்லபுரம் என்று தூரத்தை நீட்டிக்கொண்டே போனான்.

மூன்றாவது ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. முடிவு வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை.

“மாமல்லபுரம் இன்னாண்ணா, தோ பக்கத்துல கீது. பாண்டிச்சேரி வரிக்கும் போ,” என்று சொன்னது பிரிட்டோதான்.

கிளம்பும்போது ரேஷ்மா கேட் வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தடவையும் இல்லன்னு வந்தா என்னங்க செய்வீங்க?”

“மறுபடியும் மிதிப்பேன்.”

“அதுவரைக்கும் அவன் இருக்கணுமே.”

வில்பிரட் ஏறி மிதித்தான்.

கல்பாக்கம் தாண்டியதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. மேட்டை விடக் கொடியது எதிர்காற்று. மேடு ஏறினால் அந்தப் பக்கம் இறக்கம் உண்டு, காற்றுக்கு அது கிடையாது. மரக்காணம் உப்பளத்தோரம் வந்தபோது முழங்கால் எரிந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். எதற்கு இந்தக் கூத்து, எப்படியும் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. “சார், உங்க ஸ்கேன் ஓகே ஆயிடுச்சு. டாக்டர் பாத்துட்டாரு. அடுத்த வாரம் அட்மிஷன் போடலாம்.”

உடனே தம்பியைக் கூப்பிட்டான்.

“டேய், ஓகே ஆயிடுச்சுடா. நான் இப்படியே திரும்பி வந்துடறேன். இனிமே பாண்டி எதுக்கு?”



“பாதியில திரும்பாதண்ணா,” என்றான் பிரிட்டோ. “இம்மாந் தூரம் பூட்ட. பாண்டிக்குப் போய்ட்டே வா. எனக்காகண்ணா.”

குனியக்கூட முடியாதவன் அண்ணனின் காலை வைத்து அந்தத் தூரத்தைக் கடக்கப் பார்க்கிறான் என்று வில்பிரட்டுக்குப் பட்டது. எழுந்து மண்ணைத் தட்டினான். மீதித் தூரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து, பாண்டிச்சேரி கடற்கரையில் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினான். இரவு ஒரு லாட்ஜில் படுத்து, விடிந்ததும் வந்த வழியே திரும்பினான்.

சாயங்காலம் தெருவில் திரும்பும்போதே பார்த்துவிட்டான். பிரிட்டோ சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். இத்தனை மாதத்தில் அவன் கேட்டைத் தாண்டியது அன்றுதான். ரேஷ்மா முகத்திலும் சிரிப்பு இருந்தது. தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

வில்பிரட் சைக்கிளில் இருந்தபடியே காலூன்றித் தம்பியைக் கட்டிக்கொண்டான். பிரிட்டோவின் கை அவன் முதுகைத் தாண்டி, கேரியரில் கட்டியிருந்த பைக்குள் போனது. ஈரத் துண்டையும் காலித் தண்ணீர் பாட்டிலையும் துழாவிவிட்டு வெளியே வந்தது.

“பாண்டி வரிக்கும் போய்ட்டு, ஒரு குவாட்டர் கூடவாண்ணா வாங்கினு வர்ல?”