பத்தொன்பதாவது டாக்டர்

"இந்த சனிக்கிழமை கூட்டம் இல்லையா? யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

அவள் கேட்டதும் ஹாலில் இருந்த ஏழெட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒருவரான வேன் டிரைவர்தான் வாயைத் திறந்தார். "எல்லாரும் பேசித்தான் முடிவு பண்ணினோம்க்கா. அன்னைக்கு டாக்டருக்கு இரங்கல் கூட்டம் இருக்கு."

"எந்த டாக்டர்?"

"மார்க்கெட்டுக்கு எதிர்ல, மாடியில கிளினிக் வெச்சிருந்தாரே, காது மூக்கு தொண்டை டாக்டர். திங்கட்கிழமை தவறிட்டார்."

அவள் முகம் மாறியது. "அந்த ஆளுக்கா?"

அவளுக்கு மருந்துக் கம்பெனியில் ரெப் வேலை. பதினொரு வருஷ சர்வீஸ். மகனுக்குக் காது கேட்கவில்லை என்று அவனுடைய இரண்டாவது வயதில்தான் தெரிந்தது. எந்த மிஷின் வாங்குவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது, யாரிடம் போய்க் கேட்பது, எதுவும் புரியவில்லை. நம்மை மாதிரி இன்னும் எத்தனை பேர் தனியாகத் தவிக்கிறார்களோ என்று நினைத்துத்தான் பெற்றோர்களுக்காக இந்தக் குழுவை ஆரம்பித்தாள்.

ஆரம்பித்துவிட்டாள், சரி. ஆட்களுக்கு எங்கே போவது?

தெரிந்த டாக்டர்களைப் பிடித்தாள். மருந்துப் பையோடு போன இடத்திலெல்லாம், வந்த வேலை முடிந்ததும் இரண்டு நிமிஷம் இதையும் பேசினாள். பத்தொன்பது டாக்டர்களில் பதினெட்டுப் பேர் சிரித்த முகமாக, "நல்ல காரியம்மா, கட்டாயம் அனுப்பறேன்" என்று நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஒருத்தர் மட்டும் நோட்டீஸைத் தொடக்கூட இல்லை.

"மருந்து விக்க வந்தியா, இதுக்கு வந்தியா? ரெண்டையும் ஒரே பையில போட்டுட்டு வராதேம்மா. எடுத்துட்டுப் போ."

கதவு திறந்திருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மேனேஜர் கேட்டபோதுகூட, "அவரை வேற யாருக்காவது கொடுத்துடுங்க சார்" என்று கழற்றிவிட்டாள்.

மூன்று வருஷத்தில் குழு நாற்பத்திரண்டு குடும்பமாகப் பெருகியது. காது மிஷினுக்கு நல்ல பேட்டரி எங்கே கிடைக்கும், எந்த டீச்சர் பொறுமையாகச் சொல்லித் தருவார், எல்லாம் சனிக்கிழமைகளில் கைமாறியது. வருகிறவர்கள் 'டாக்டர் சொல்லித்தான் வந்தோம்' என்பதால், ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் பதினெட்டு டாக்டர்களுக்கும் பேர் பேராக நன்றி சொல்வாள். புது முகம் யாராவது வந்துவிட்டால் பத்தொன்பதாமவரின் கதையும் உண்டு. "பெத்தவங்க வலி தெரியாத கல்நெஞ்சுக்காரர்" என்று முடிப்பாள்.

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தன் வருத்தத்தை மதித்துத்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"போறவங்க தாராளமாப் போங்க. ஆனா குழு பேரைச் சொல்லிட்டு அங்க போய் நிக்கக் கூடாது. அவருக்கும் நமக்கும் என்ன ஒட்டு உறவு?"

டெய்லர் அக்கா மெதுவாக எழுந்தாள். "இனிமே சொன்னா அவர் கோவிச்சுக்கப் போறதில்லை. சொல்லிடறேன். என்னை இங்க அனுப்பினது அவர்தான்மா."

"என்னையும்தான்" என்றார் டிரைவர்.

"எங்களையும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அப்போ அந்தப் பதினெட்டுப் பேர்?"

"அவங்க சொல்லி வந்தது ரெண்டே குடும்பம்தான்க்கா. மத்த எல்லாரும் இவர் உட்கார வெச்சுப் பேசி, வேற டாக்டர்கிட்ட கேட்டு வாங்கின விலாசத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினவங்க. எனக்கு வர மனசில்லைன்னதும் மூணு தடவை போன் பண்ணினார்" என்றார் டிரைவர்.

"ஏன் ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலை?"

"எங்க வாயைக் கட்டிட்டார்மா" என்றாள் டெய்லர் அக்கா. "'நான் ஆள் அனுப்பறது வெளியில தெரிஞ்சா, எங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கல் இருக்கு, அதனாலதான் அவ கம்பெனி மருந்தை எழுதறேன்னு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. அவ வேலைக்கும் கெட்ட பேர், இந்தக் குழுவுக்கும் கெட்ட பேர். என் பேரை எடுக்கவே எடுக்காதீங்க'ன்னார்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம். எத்தனை கூட்டம், எத்தனை பேர் முன்னால், எவ்வளவு பேச்சு! யாரிடம் பேசினாளோ, அவர்களில் இரண்டு குடும்பம் தவிர எல்லோருமே அவர் அனுப்பிய ஆட்கள்.

டிரைவர் பக்கம் திரும்பினாள். "நான் அவரைப் பேசினதெல்லாம் அவருக்குத் தெரியுமா?"

டிரைவர் தயங்கினார். "தெரியும்க்கா. மனசு கேக்காம நான்தான் ஒரு நாள் போய்ச் சொன்னேன். உண்மையைச் சொல்லிடட்டுமா டாக்டர்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார்க்கா. 'பேசட்டும்ப்பா. நான் அன்னைக்குக் கொஞ்சம் கடுமையாத்தான் பேசிட்டேன். கோவம் ஆறினதும் அவளே ஒரு நாள் வருவா, அப்போ நானே சொல்லிக்கறேன்'னார்."