ரோக்கே திருநாளுக்கு மறுநாள்

"கொன்னுட்டீங்களா? மறுபடியும் பழைய புத்தியைக் காட்டிட்டீங்களாடா?"

டோன்யா செனோபியா போட்ட சத்தத்தில் காப்பகத்து நாய்கள் அத்தனையும் குரைக்க ஆரம்பித்தன. காலியாகக் கிடந்த கூண்டின் முன்னால், காவலாள் பெர்மின் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றான்.

அவள் கையில் புதுக் கழுத்துவார் இருந்தது. பெலூசாவை இன்று வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தாள். கண்பட்டுவிடும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. நொண்டிக் கிழட்டு நாய்தான். ஆனால் புருஷன் போன பிறகு அந்த வீட்டுக்குப் பேச்சுத்துணையாக வரவிருந்த ஒரே ஜீவன்.

இந்த நகராட்சிக் காப்பகத்தின் லட்சணம் ஊரறிந்தது. இடமில்லையா, விஷ ஊசி. கூண்டு கழுவச் சோம்பலா, ஊசி. அவளுடைய முந்தைய நாயும் அப்படித்தான் போயிற்று. அன்றிலிருந்து நகராட்சி வாசலில் நாயாய் அலைந்து, ஊர்க்காரர்களின் கண்காணிப்புக் குழுவை உண்டாக்கினாள்.

குழுவில் ஒருவர் தன் கையால் அடையாளம் கட்டாமல் எந்த நாய்க்கும் ஊசி கூடாது என்பது அவள் கொண்டுவந்த சட்டம். ஆனால் கட்டுகிற வேலையை மட்டும் குழுவிலிருந்த ரெமிஹியோ தலையில் தள்ளிவிட்டாள். சாகப்போகிற நாய்க்கு அவன் அடையாளம் கட்டுவதை எட்டிப் பார்க்கக்கூட அவளுக்கு மனம் வராது.

"நேத்துதானடா எல்லாரும் சேந்து கொண்டாடினோம்!"

நேற்று புனித ரோக்கே திருநாள், நாய்களுக்கெல்லாம் பிறந்தநாள். இறைச்சி அடைத்துச் சுட்ட சால்தேன்யாவைப் பிட்டு ஊட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் கட்டி அழகு பார்த்தாள். பெலூசாவின் முறை வந்தபோது ரிப்பன் தீர்ந்துவிட்டது. குழுவின் மேசையில் கிடந்த வெள்ளை ரிப்பனை எடுத்துக் கட்டி, 'என் கல்யாணப் பொண்ணே' என்று கண்கலங்கக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

"யாரு உத்தரவு கொடுத்தது? டாக்டரா?"

"டாக்டர் காலைல வந்தாரு, டோன்யா. அடையாளம் இருந்துச்சு. போட்டுட்டாரு."

"பொய்! ரெமிஹியோ ஊர்லயே இல்லை. வேற எவன் கட்டினான்? சொல்லு, இன்னிக்கே அவன் பொழைப்புக்கு உலை வைக்கிறேன்!"

"எனக்கும் மனசு கேக்கல. நல்லாத்தானே இருக்கு, இதுக்கு ஏன்னு கேக்க வாயெடுத்தேன். குழு முடிவுல வேலைக்காரன் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

"சுத்தி வளைக்காதே. கட்டினது யாருடா?"

பெர்மின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரெமிஹியோ கட்டுற அடையாளமே வெள்ளை ரிப்பன்தான், டோன்யா. பெலூசாவுக்குக் கட்டுனது நீங்க."