பத்தாவது மொட்டைமாடி

“வெள்ளையா? மொட்டைமாடிக்கு எவனாவது வெள்ளை அடிப்பானா? பச்சைதாம்மா அடிப்பாங்க. எட்டிப் பாரு, பூசான் ஊர் முழுக்கப் பச்சைதான்!”

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காகிதக் கோப்பையில் காப்பி கலக்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் எரிந்து விழுந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் ஒரு துண்டு.

ஹேரிம் பொறுமையாகச் சிரித்தாள். மலைச்சரிவில் இருந்த அந்தக் குடியிருப்பின் ‘வெள்ளை மாடி’ இளைஞர் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழு என்றால் அவள், கிஹுன், இன்னும் மூன்று பேர். போன கோடையில், மாடிக்கு நேர் கீழ் அறையில் குடியிருந்த தையல்காரம்மா ஒருவர் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்ட்டை மாடியில் அடித்துவிட்டால் கீழே மனுஷர் தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை வட்டார அதிகாரி பார்வையிட வருகிறார். பத்து மாடி முடிந்திருந்தால் அடுத்த வருஷம் மலை முழுக்க அடிக்கப் பெயின்ட் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவது வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். இன்று செவ்வாய். மாடிக் கதவு திறந்திருந்த ஒரே வீடு இதுதான். கிஹுனையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

“அண்ணே, பச்சை அடிச்சா மழை இறங்காது, சரி. வெயில் இறங்குமே? கீழ இருக்கிறவங்க வெந்து போயிடுவாங்கண்ணே.”

“அதெல்லாம் வேணாம், போங்க. எனக்கே தலைக்கு மேல வேலை கிடக்கு. வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை தேகுவுலேர்ந்து வந்துடுவாங்க. அதுக்குள்ள இந்த மாடி சரியாகலேன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க.”

“அதுக்குத்தானே வந்திருக்கோம்! வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பழைய பச்சையைச் சுரண்டணுமே?”

“சுரண்டிடுவோம்.”

“விரிசலெல்லாம் அடைக்கணுமே?”

“அடைச்சிடுவோம்ணே.”

“பெயின்ட்டு?”

“எங்களோடது. இலவசம்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினார்.

“ஏதோ, சின்னப் பிள்ளைங்க ஆசைப்படறீங்க. நான் ஏன் குறுக்க நிக்கணும்?”

ஹேரிம் துள்ளாத குறையாகச் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவர் மறு கையால் தள்ளினார். “கையெழுத்தெல்லாம் வீட்டுக்காரம்மா வந்துதான் போடணும். வீடு அவங்க பேர்ல இருக்கு.”

“பாவம்க்கா,” கிஹுன் அவள் காதில் கிசுகிசுத்தான். “வீட்ல அந்தம்மா ராஜ்ஜியம் போல.”

மூன்று நாள் ஐந்து பேரும் முதுகொடிய உழைத்தார்கள். மாடியில் வரிசையாக இருந்த சோயா விழுது ஜாடிகளைத் தூக்கி நிழலில் வைத்தார்கள். மண்டியிட்டுச் சுரண்டினார்கள். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி அவர் கறாராக வேலை வாங்கினார்.

“தம்பி, அந்த மூலையை விட்டுட்டியே! தண்ணி அங்கதான் நிக்கும்.”

“ஏம்மா, குறுக்கால தேய்க்காதே. நெடுக்க இழு. ஆங், அப்படி!”

ஆனால் நல்ல மனுஷர். மத்தியானமானால் எல்லோருக்கும் கறுப்பு நூடுல்ஸ் வரவழைத்துவிடுவார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். “சாப்பிடுங்க பிள்ளைங்களா. நீங்க சாப்பிடலேன்னா எனக்கு மனசு கேக்காது.”

“வீட்டு மேல இவ்வளவு அக்கறை உள்ள மனுஷனை நான் பார்த்ததே இல்லக்கா,” என்றான் கிஹுன் வாய் நிறைய நூடுல்ஸோடு.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பக்கத்து வீட்டுப் பச்சை மாடியில் வெப்பமானியை நீட்டினார், ஐம்பத்தெட்டு. இந்த மாடியில் நீட்டினார், முப்பத்தாறு. மறுபடி நீட்டிப் பார்த்தார். அதே முப்பத்தாறு.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று குடைக்குக் கீழே இருந்தவரைக் கேட்டார்.

“என்னத்தைச் சொல்றது சார்! இந்த மாதிரி நாலு பிள்ளைங்க ஊருக்கு ஊர் இருந்தா, எங்களை மாதிரி ஆளுங்க கையைக் காலை ஆட்டவே வேண்டாம்!”

அதிகாரி சிரித்துக்கொண்டே அவர் கையைக் குலுக்கினார். “அடுத்த வருஷம் மலை முழுக்க உங்களோடதும்மா,” என்று ஹேரிமிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஹேரிமுக்குக் கண் கலங்கிவிட்டது. கிஹுன் காலியான பெயின்ட் வாளியைத் தட்டித் தாளம் போட்டான்.

அந்தச் சத்தத்திலேயே பெட்டியும் கையுமாக ஒரு அம்மா மேலே வந்தார். மூச்சு வாங்க நின்றார். வெள்ளை மாடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி நடந்தார்.

“அடடே! உச்சி வெயில்ல கால் சுடவே இல்லியே!”

ஹேரிம் படிவத்தோடு ஓடிப்போய் இடுப்பு வளைய வணங்கினாள். “எல்லாம் உங்க வீட்டுக்காரர் புண்ணியம்மா! மூணு நாளா எங்க கூடவே இருந்து பார்த்துக்கிட்டாரு.”

அந்த அம்மா அவளை விநோதமாகப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரரா? அவரு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சேம்மா! அதோ, சத்தம் போடாமப் படியிறங்கறாரே, அவரு இந்த மாடிக்குப் பெயின்ட் அடிக்க நான் அமர்த்திட்டுப் போன மேஸ்திரி!”