முக்கு வரைக்கும்

"இன்னிக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போறான் பாரு."

மாடியில் காபி டம்ளரோடு நின்ற ஸ்ரீராம்குமார், தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செல்போனை எடுத்து வீடியோ பிடித்தான்.

பழங்காநத்தத்தின் அந்த ஒடுங்கிய சந்தில் மார்கழிப் பனியும் புகையும் கலந்து கிடந்தன. எதிர்வீட்டு அழகுபாண்டி தன் பழைய டீசல் ஆட்டோவைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

'கிளம்பாத ஓட்டை வண்டி. இதில்தான் தெருப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள்' என்று எழுதி, தெரு வாட்ஸ்ஆப் குரூப்பில் வீடியோவைப் போட்டான். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. ஊருக்கு நல்லது செய்த திருப்தியோடு ஆபீசுக்குப் புறப்பட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் வந்து நின்றான் அழகுபாண்டி.

"சார், பிள்ளைகளை இனிமே என் வண்டியில அனுப்பலைன்னு எல்லா வீட்லயும் சொல்லிட்டாங்க. வீடியோ நீங்க போட்டதாமே?"

"பின்னே? கிளம்பாத வண்டியில யாரு பிள்ளையை ஏத்துவா? முதல்ல அதை ரிப்பேர் பாருங்க, பாண்டி."

அழகுபாண்டி வண்டிப் பக்கம் திரும்பினான். "முக்கு வரைக்கும் வாரீங்களா சார்?" என்று மட்டும் கேட்டான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னே போக, ஸ்ரீராம்குமார் பின்னாலேயே நடந்தான். சந்து மெயின் ரோட்டில் சேரும் முக்கு வந்ததும் அழகுபாண்டி சாவியைத் திருகினான்.

ஒரே திருகு. குபுக்கென்று கரும்புகையைக் கக்கிவிட்டு வண்டி கிளம்பியது.

"நல்லாத்தானே கிளம்புது? அப்புறம் எதுக்கு இம்புட்டு தூரம் தள்ளிட்டு வாரீங்க?"

அழகுபாண்டி இன்ஜினை அணைத்தான்.

"வெயில் காலம்னா புகை மேல போயிரும் சார். இந்தப் பனிக்குச் சந்துக்குள்ளயே தங்கிரும், மதியம் வரைக்கும் அப்பிடியே நிக்கும். உங்க சுஷ்மா பாப்பாவுக்கு வீசிங்ல? நீங்க ஆபீஸ் போனப்புறம் அக்காவையும் பாப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு நாந்தானே கூட்டிட்டுப் போறேன். அன்னிக்கு அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிச்சதைப் பாத்ததுல இருந்து, சந்துக்குள்ள வண்டியைக் கிளப்ப மனசு வரல."

ஸ்ரீராம்குமாரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"குரூப்ல நானே எழுதிடுறேன், பாண்டி. தப்பு என்னோடதுன்னு..."

தலையைக் குனிந்தபடி வீட்டுக்குத் திரும்பினான்.

வாசலில், சுஷ்மா படுத்திருந்த அறையின் ஜன்னலை ஒட்டி, இன்ஜின் சூடாகட்டும் என்று அவனே கிளப்பி விட்டுப் போயிருந்த கார் புகைந்துகொண்டிருந்தது.