இன்னொரு நாற்காலி

ஏழைபாழைகளிடம் எப்படிப் பேசிப் பழகுவது என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அறையில், செங்கமலத்துக்கு நோயாளியாக நடிக்கும் வேலை. பேராசிரியை சொல்லித்தந்த கதை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சித்தாள் வேலை, தீராத வயிற்றுவலி, புருசன் இல்லை, ஒரே மகள். இதில் சித்தாள் வேலை மெய், வலி பொய். மகள் பிறக்கவே இல்லை. "வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்று மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். "ஒரே மக, சாமி" என்பாள். அதைச் சொல்வதற்காகத்தான் அவள் அங்கே வருவதே. சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்களோ வாந்தி உண்டா, பசி எடுக்கிறதா என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அன்று வந்த பெண் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "மக பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை காலமாகப் பொத்தி வைத்திருந்த பேர். "பூவிழி" என்றாள்.

"கூட வரலையா?"

"பின்னால வந்துக்கிட்டிருக்கா. மெதுவாத்தான் நடப்பா, தாயி."

மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியை பேனாவால் மேசையைத் தட்டினார். "செங்கமலம், இதெல்லாம் நாம பேசி வச்சதுல இல்லையே?"

செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அந்தப் பெண் எழுந்துபோய், சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டாள். பேராசிரியையும் கதவைப் பார்த்தார்.