பிளாஸ்டர் பாதம்

ஓடை வற்றி மூன்று வருடமாகியும் வனக்காவலர் சிக்கையன் குடிலுக்கு முன்னால் மணலைப் பரப்பி, தினமும் விடிந்ததும் தடம் தேடினார். அவருடைய செருப்புத் தடம் மட்டும்தான் கிடக்கும். ‘புலி இல்லை’ என்று எழுதி அனுப்பினார்.

வாக்கிடாக்கியில் ரேஞ்சர் கூப்பிட்டார். “இருக்குதுன்னு சட்டசபையில சொல்லியாச்சு சிக்கையா. நீ இல்லைன்னு எழுதினா என் தலைதான் உருளும்.”

“தண்ணியே இல்லீங்களே. அது எப்படீங்க இருக்கும்?”

“தண்ணி இருக்குதுன்னும் சொல்லியாச்சு. தடத்தை போட்டோ எடுத்து அனுப்பு.”

முன்பு திரிந்த ஆண்புலியின் தடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த அச்சு ஒன்று குடிலில் இருந்தது. குடிதண்ணீரைத் தெளித்து மணலைப் பதமாக்கி, மண்டியிட்டபடி அதை வாசற்படிவரை பதித்துக்கொண்டே வந்தார். படம் போய்ச் சேர்ந்தது. யாரோ தன்னைப் பார்க்க வந்துபோனது போலிருந்ததால், தடங்களைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு பொய்த் தடத்தின் பக்கத்திலும் சற்றே சிறிய நிஜத் தடம். பெண்புலி. துணையைத் தேடிப் படிவரை வந்து, நெடுநேரம் அங்கேயே படுத்திருந்துவிட்டுப் போயிருக்கிறது.

“புலி வந்திருக்குதுங்க, நெசமாவே. தண்ணி வேணுமுங்க.”

“அதான் நேத்தே எழுதி அனுப்பியாச்சேப்பா” என்றார் ரேஞ்சர்.

சிக்கையன் குடத்தில் மீதமிருந்த தண்ணீரில் பாதியைச் சட்டியில் ஊற்றிப் படியில் வைத்தார். மறுபாதியை மணலில் தெளித்து, மறுபடியும் அச்சைப் பதிக்கத் தொடங்கினார். இந்தமுறை படம் எடுக்கவில்லை.